முனிவரல்லர், மாணாக்கர்

அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோவைப் பற்றி நம்மவர் எழுதும்போதும் மேடையிற் பேசும்போதும் ஒரு சொல் தவறாது வந்து அமர்ந்துவிடுகின்றது. 'முனிவர்' என்பதே அச்சொல். வால்டன் என்னுங் காட்டுக் குளத்தின் கரையிற் குடில் அமைத்து அவர் தனித்திருந்தார், வைகறையில் நீராடினார், வில்கின்சு என்பார் 1785இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிற் பகவத்கீதையைப் படித்தார், ஆதலால் அவர் முனிவர் என்பது நம்மவர் முடிபு. மாணவர் கட்டுரைகளில் இச்சொல்லைக் காணுந்தோறும் அதன்கீழ் யான் ஒரு கோடிடுவது வழக்கம். அவ்வாறு கோடிடுதற்குரிய காரணத்தை ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. ஒருவரை முனிவர் என்று சொல்லிவிட்டால் அவரைக் கும்பிடலாம்; பின்பற்ற வேண்டுவதில்லை. 'அவர் பிறவியிலேயே வேறானவர். நாமோ சம்பளத்துக்கு வாழ்பவர்' என்று நம்மை நாமே விடுவித்துக்கொள்ளலாம். புகழ்ச்சிபோலத் தோன்றும் அச்சொல், உண்மையில் நாம் தப்பிச் செல்லும் வாயில். ஆதலின் அவ்வாயிலை அடைத்தல் ஆசிரியர் கடன் என்பது எனது துணிபு.

தவவொழுக்கத்துக்கு நம் நூல்களில் வரையறை உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையைக் கூறுமிடத்துத் தாபதர் ஒழுக்கத்தை எட்டென எண்ணுகின்றது. உரையாசிரியர் அவ்வெட்டையும் விரித்துரைத்தனர். நீராடல், வெறுநிலத்திற் கிடத்தல், தோலுடுத்தல், சடை வளர்த்தல், எரியோம்பல், ஊரடையாமை, காட்டிற் கிடைக்கும் உணவு கொள்ளல், தெய்வத்தையும் விருந்தினரையும் போற்றுதல் என்பன அவை. இவ்வளவுகோலைத் தோரோவின்மேல் வைத்துப் பார்ப்போம்.

நீராடலில் அவருக்குக் குறையில்லை. நாடோறும் காலையிற் குளத்தில் மூழ்குவதை அவர் ஒரு சமயக் கடனாகவே கொண்டார். விருந்தோம்பலிலும் குறையில்லை. 10 அடி அகலமும் 15 அடி நீளமுங் கொண்ட அக்குடிலில் நாற்காலிகள் மூன்றே. ஆயினும் 25, 30 பேர் ஒரே வேளையில் அக்கூரையின்கீழ் நின்றதுண்டு. ஏனையவற்றில் அவர் தாபதர் வரிசையில் நில்லார். வெறுநிலத்திற் கிடந்தாரல்லர், கட்டில் இருந்தது. காட்டுக் கிழங்கை உண்டு வாழ்ந்தாரல்லர். அரிசியும் சோளமாவும் விலைக்கு வாங்கினார். இந்திய மெய்ப்பொருளை விரும்புந் தமக்கு அரிசி தக்க உணவே என்று நகைச்சுவை தோன்ற எழுதியும் வைத்தார். ஊரடையாமை அவரிடத்து அறவே இல்லை. மசாச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோர்ட் என்னும் அவரது சொந்த ஊர் குடிலிலிருந்து ஒன்றரை மைல் தொலைவே. ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஊருக்குட் சென்று, அங்குள்ளோர் பேசும் வம்பையும் வார்த்தையையும் கேட்டு மீண்டார். 1844இல் அவ்வூரை எட்டிய புகையிரதப் பாதை குளத்தின் ஓரத்தைத் தொட்டே சென்றது. எரியோம்பலைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன், அது தனிக்கதை.

துறவிக்குக் கணக்கேடு இல்லை. தோரோவிடமோ கணக்கேடே முதன்மையானது. குளக்கரை நிலம் அவர்தம் நண்பர் எமர்சனுடையது. மரம் வெட்டிய கோடரி இரவல். பலகைகளுக்காகப் புகையிரதப் பாதையில் வேலை செய்த ஐரிஷ் தொழிலாளி ஒருவரின் கொட்டிலை 4 டொலர் 25 சதத்துக்கு வாங்கிப் பிரித்தார். குடிலுக்கான முழுச் செலவு 28 டொலர் 12½ சதம். ஏறக்குறைய இரண்டரை ஏக்கரிற் பெரும்பாலும் போஞ்சி பயிரிட்டு, முதலாண்டிற் செலவு போக அவர் கண்ட இலாபம் 8 டொலர் 71½ சதம். அரைச் சதத்தையும் விடாது எழுதிய ஒருவரைத் துறவி என்பது துறவுக்கும் அழகன்று, கணக்குக்கும் அழகன்று.

அவர் உலகை விட்டு விலகவுமில்லை; உலகம் அவரை விடவுமில்லை. குளக்கரையில் வாழ்ந்த காலத்திலேயே, 1846 யூலையில், செருப்புத் தைப்பவரிடங் கொடுத்த சப்பாத்தை வாங்க ஊருக்குட் சென்றவர், தலைவரி கட்டாமைக்காக மறியலில் வைக்கப்பட்டு ஓரிரவு கழித்தார். அடிமை முறையைத் தாங்கி நிற்கும் அரசுக்குத் தம் பணம் செல்லலாகாது என்பது அவர் வழக்கு. அவ்விரவின் பயனாகப் பிறந்து 1849இல் அச்சேறிய கட்டுரையே பின்னர்க் காந்தியடிகளின் கைக்கு வந்தது.

1846–47 குளிர்காலத்தில் நூறு தொழிலாளர் வந்து அக்குளத்தின் உறைநீரைப் பாளம் பாளமாக வெட்டிக் கரையிற் குவித்தனர். நியூ இங்கிலாந்துப் பனிக்கட்டி அக்காலத்திற் கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் விலைப்பொருளாகச் சென்றது. அதனைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இற் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்' இன்றும் நிற்கின்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வரவேற்கப்பட்டுச் சென்னை சென்ற விவேகானந்தர் 1897இல் தங்கிய இல்லம் அதுவே. கங்கைக்கரையின் கீதையைத் தாம் வால்டனிற் படிக்க, வால்டனின் நீரைச் சென்னையும் கல்கத்தாவும் பருகப்போகின்றன என்று தோரோ எண்ணி மகிழ்ந்தார். ஆயின் பத்தாயிரந் தொன் என மதிக்கப்பட்ட அக்குவியலிற் பெரும்பகுதி விலைபோகாது கிடந்து, 1848 செப்ரெம்பர் வரை உருகி, மீண்டுங் குளத்தையே சேர்ந்தது.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டித் தோரோவை எள்ளுவோரும் உளர். 'தாய்வீட்டுக்குச் சென்று உண்டு வந்தவருக்குக் காட்டுவாழ்க்கை ஏது? எல்லாம் வேடம்' என்பர் அவர். முனிவர் என்று கும்பிடுவோரும் வேடதாரி என்று எள்ளுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். தவத்துக்காகவே அவர் குளக்கரைக்குச் சென்றார் என்பது இருசாராரும் கொண்ட முற்கோள். அம்முற்கோளே பொருந்தாதது. அவர் சென்றதன் காரணங்களுள் ஒன்று நம் கட்டுரைகளிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அது ஓர் இழவு.

தோரோவுக்கு யோன் என்ற தமையனார் இருந்தார். இருவரும் ஆசிரியர், ஒரே பள்ளியைச் சேர்ந்து நடத்தியவர். 1839ஆம் ஆண்டு வசந்தத்தில் இருவரும் ஒருவார காலம் உழைத்துத் தம் கையாலேயே ஒரு வள்ளம் கட்டினர். நீளம் 15 அடி. அடிப்புறம் பச்சை, விளிம்பு நீலம். ஓகஸ்ட் 31ஆம் திகதி அதில் ஏறிக் கொன்கோர்ட் ஆற்றிலும் மெரிமாக் ஆற்றிலும் இரண்டு வாரப் பயணம் புறப்பட்டனர். தோட்டத்தில் விளைந்த உருளைக்கிழங்கையும் கொம்மட்டிப் பழத்தையும் ஏற்றிக்கொண்டனர். பகலிற் பாய்மரமாக நின்றதே இரவிற் கூடாரத்துக்குக் காலாயிற்று, கூடாரம் பருத்தித் துணி, படுக்கை எருமைத்தோல். பகலில் துடுப்பு, இரவில் ஆற்றங்கரை. இரண்டு ஆசிரியர்கள் விடுமுறையிற் செய்த எளிய காரியம்; அவ்வளவே.

1842 சனவரியில் யோன் இறந்தார். சவரக்கத்தியாற் கையிற் பட்ட சிறுகாயம் ஏற்புவலியாக முற்றித் தம்பியின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. அவ்வாண்டிலேயே தோரோ அவ்வள்ளத்தை எழுத்தாளர் நதானியல் ஹோதோர்னுக்கு ஏழு டொலருக்கு விற்றார். தோரோவின் கையில் தானாகவே செல்வதுபோல் நேரே சென்ற வள்ளம், தம் கையில் எத்திசையும் திரும்பியதேயன்றி நேரே செல்லவில்லை என்பதை ஹோதோர்ன் தம் நாட்குறிப்பிற் குறித்துள்ளார். பின்னர் 1845 யூலை 4ஆம் திகதி, தம் இருபத்தெட்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்னர், தோரோ குளக்கரையிற் குடிபுகுந்தார். அங்கிருந்து அவர் எழுதிய முதல் நூல் 'வால்டன்' அன்று. தமையனாரோடு சென்ற அவ்வாற்றுப் பயணத்தின் நூலே அது. இரண்டு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கி அவர் எழுதிய அந்நூல் 1849இல் வெளிவந்தது. ஆயிரம் படிகளில் 706 படிகள் விலைபோகாது 1853இல் அவர் வீட்டுக்கே திரும்பின. தொளாயிரம் நூல்கொண்ட தம் நூல்நிலையத்தில் எழுநூறுக்கு மேற்பட்டவை தாமே எழுதியவை என்று அவர் அதனையும் நகையாக்கினார்.

எல்லாவற்றையும் மறக்கச் செல்பவர் துறவி. தோரோ ஒருவரை நினைக்கச் சென்றார். நினைப்பதற்கு அமைதியும் நேரமும் வேண்டும். அவற்றைக் குறைந்த செலவிற் பெறும் வழியை அவர் கணக்கிட்டுக் கண்டார். அரைச் சதக் கணக்கின் உட்பொருள் இதுவென்று அறிந்தபின் அதனை எள்ள மனம் வாராது.

இனி, அக்குளக்கரையில் அவர் செய்தது யாது? கற்றார் என்பதே விடை. வால்டனுக்கு அடியே இல்லை என்பது ஊரார் பலர் நம்பிக்கை. அளந்து பார்த்தவர் இல்லை, ஆதலால் நம்பினர். தோரோ 1846ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், குளம் உறைந்து கிடந்தபோது, திசையறி கருவியும் சங்கிலியுங் கொண்டு அதன் பரப்பை வரைந்தார். தூண்டிற் கயிற்றில் ஒன்றரை இறாத்தல் நிறையுள்ள கல்லைக் கட்டி நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இறக்கினார். மிகுந்த ஆழம் 102 அடி. இருபதாம் நூற்றாண்டில் அறிவியலார் அளந்தபோதும் அவ்வளவே ஏறக்குறைய வந்தது. மிகுநீளமும் மிகுஅகலமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலேயே அவ்வாழம் அமைந்திருந்ததையும் அவர் கண்டார். அடியற்ற குளம் என்று கேட்டு வியந்து நில்லாது, கயிறுகொண்டு சென்ற அச்செயலே எனக்குத் தோரோவின் தலையாய செயலாகத் தோன்றுகின்றது. ஆழம் 102 அடி என்று அறிந்தபின் அக்குளத்தின்மேல் அவர் கொண்ட அன்பு குறையவில்லை என்பதையும் கருதவேண்டும். அளவறிந்தால் அழகு கெடும் என்போர்க்கு இதனினும் வேறு விடை வேண்டா.

பகலில் அளந்தவர் இரவில் வள்ளத்திற் சும்மா இருக்கவும் அறிந்திருந்தார். வெதுவெதுப்பான மாலைகளில் வள்ளத்திலிருந்து புல்லாங்குழல் ஊதுவார்; நிலவொளியிற் பேர்ச் மீன்கள் சுற்றிவருவதைப் பார்ப்பார். நள்ளிரவில் 40 அடி ஆழத்துக்குத் தூண்டிலை இறக்கி, கண்ணுக்குத் தெரியாத மீனோடு கயிற்றின் வழியே உறவாடுவார். ஓர் ஒக்ரோபர் மாலையில் லூன் என்னும் நீர்ப்பறவையைத் துடுப்புப் போட்டுத் துரத்தினார். நம் குளங்களின் முக்குளிப்பானைப்போல மூழ்கி வேறிடத்தில் எழும் இயல்பினது அது. எங்கே எழும் என்று அவர் கணிப்பார். அது பின்புறத்தே எழுந்து கூவும். நெடுநேரம் நடந்த அவ்வாட்டத்திற் பறவையே வென்றது. தாம் தோற்ற கதையை அவர் பல பக்கம் எழுதினார். தோல்வியைப் பாடமாகக் கொள்வது மாணாக்கர் இயல்பு.

எரியோம்பலைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னேன். குடிபுகுவதற்கு ஓராண்டு முன்னர், 1844 ஏப்ரில் இறுதியில், தோரோவும் எட்வர்ட் ஹோர் என்ற இளைஞரும் வள்ளத்திற் சென்று சட்பரி ஆற்றின் விரிகுடாவொன்றின் கரையில் மீன் சமைக்கத் தீ மூட்டினர். மழையற்ற காலம், காய்ந்த புல். தீ அவர்களை மீறியது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காடு எரிந்தது. காடெரித்தவர் என்று ஊரார் நெடுங்காலம் அவரைப் பழித்தனர். ஆறாண்டு கழித்தே, 1850இல், தம் நாட்குறிப்பில் அவர் அதனை விரிவாக எழுதினார். நீர்க்கரையிற் கூடாரமடித்துத் தங்க விரும்பும் ஒவ்வொருவரும் முதலிற் கற்கவேண்டியது இதுவே. காட்டின்மீது காதல் இருந்தாற் போதாது. காற்றின் திசையும் புல்லின் ஈரமும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அதே எட்வர்ட் ஹோரோடு தோரோ 1857ஆம் ஆண்டு மேய்ன் மாநிலத்துப் பெருங்காட்டு ஏரிகளுக்குச் சென்றார். இம்முறை வழிகாட்டி உடன்சென்றார். பெனொப்ஸ்கொற் என்னும் முதுகுடியைச் சேர்ந்த யோசேப்பு போலிஸ் என்பவர் அவர். வடபுலத்தில் முன்னோர் ஏடாகக் கொண்ட பூர்ச்சமரம் உண்டன்றோ? அம்மர இனத்தின் பட்டையை வேர்நாராற் தைத்துப் பிசின் பூசித் தம் கையாலேயே போலிஸ் செய்த வள்ளத்தில் மூவரும் சென்றனர். போலிஸ் காட்டுக்குள் மறைந்து வாழ்ந்தவரல்லர். வீடும் நிலமும் உடையவர். தம் குடியின் சார்பில் வாஷிங்ரன் வரை சென்று வந்தவர். பயணத் தொடக்கத்திலேயே தோரோ அவரோடு ஓர் ஒப்பந்தஞ் செய்துகொண்டார். தாம் அறிந்ததெல்லாம் போலிஸுக்குச் சொல்வதாகவும், போலிஸ் அறிந்ததெல்லாம் தமக்குச் சொல்லவேண்டும் என்றுங் கேட்டார்; போலிஸும் இசைந்தார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்றவர், நாற்பது வயதில், துடுப்பாளர் ஒருவரிடம் மீண்டும் அரிச்சுவடி தொடங்கினார்.

அப்பயணத்தின் முதனாட்களில், மூஸ்ஹெட் ஏரிக்கரையில், அணைந்த தீயிடையே ஒரு விறகு வெண்ணிறமாய் ஒளிர்வதைத் தோரோ நள்ளிரவிற் கண்டார். உளுத்த மரத்தில் இயல்பாக எழும் ஒளி அது. சிறுவனைப்போல மகிழ்ந்து, காலையில் அதனைப் போலிஸிடஞ் சொன்னார். அவர் குடியினர் மொழியில் அவ்வொளிக்குப் பெயரே இருந்தது. இத்தகைய ஒன்றுக்கு, எழுத்திற் பயிலாத ஒரு மொழியிற் பெயர் இருந்தது என்றால், கல்வி என்பதன் எல்லையை நாம் மறுபடியும் எண்ணிப் பார்க்கவேண்டும் அல்லவா? அப்பயணத்தில், சிறந்த துடுப்பாளர் என்னும் பொருளுடைய பெயரொன்றைப் போலிஸ் தம் மொழியில் அவருக்கு இட்டார். எந்தப் பட்டத்தினும் அஃது உயர்ந்தது என்பேன்.

இன்றைய வால்டனின் நிலை நாம் சிந்திக்கத்தக்கது. 1922 முதல் அது பொதுச்சொத்தாகக் காக்கப்படுகின்றது. இரவிற் கூடாரமிட்டுத் தங்க இசைவு இல்லை. பகலில் துடுப்பு வள்ளம் விடலாம். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். 2018இல் வெளியான ஆய்வொன்று குளத்தின் அடிச்சேற்றைப் படலம் படலமாக ஆராய்ந்து, கடந்த நூற்றாண்டில் நீரின் தன்மை மாறியதைக் காட்டியது. கோடையிற் குளத்தைச் சேரும் பொசுபரசிற் பாதிக்கு மேல் நீராடுவோரின் சிறுநீரால் வந்ததாகலாம் என்பது ஒரு கணிப்பு. தோரோவை முனிவராகக் கொண்டு தீர்த்தமாடச் செல்லும் பக்தர் கூட்டமே தீர்த்தத்தைக் கெடுக்கின்றது. கும்பிடுதல் வேறு, கற்றல் வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் பள்ளிகளிற் கல்விச் சுற்றுலா என்ற பெயரில் மாணவரைக் குளக்கரைக்கும் காட்டோரத்துக்கும் அழைத்துச் செல்கின்றோம். ஒலிபெருக்கி முன்னே செல்ல, பொலித்தீன் பைகள் பின்னே கிடக்க, உண்டு ஆடித் திரும்புகின்றோம். மறுநாள் 'இயற்கையின் எழில்' என்று கட்டுரை எழுதுவிக்கின்றோம். 'இயற்கையன்னை' என்ற சொல்லும் 'முனிவர்' என்ற சொல்லும் அதில் வந்துவிடுகின்றன. அக்குளத்தின் ஆழம் என்ன, அதில் எழும் பறவையின் பெயர் என்ன, அதன் கரையில் வள்ளம் விடும் முதியவர் காற்றை எவ்வாறு அறிகிறார் என்று கேட்டால் விடையில்லை. சொல் வளர்ந்தது, அறிவு வளரவில்லை.

மாற்றம் செய்யப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கயிறு, ஒரு கல், ஒரு குறிப்பேடு போதும். அவ்வூர்க்காரர் ஒருவரை அன்றைக்கு ஆசிரியராகக் கொண்டு, நாம் அவர் முன் மாணவரோடு மாணவராக அமர்ந்தாற் போதும். தீ மூட்டுவதற்கு முன் அதனை அணைக்க நீர் எடுத்து வைக்கக் கற்பித்தாற் போதும். சிறிதுநேரம் ஒருவரும் பேசாதிருக்கப் பழக்கினால் அதுவே மிகப் பெரிது.

தோரோ வால்டனில் இருந்தது இரண்டு ஆண்டு, இரண்டு திங்கள், இரண்டு நாள். 1847 செப்ரெம்பர் 6ஆம் திகதி குடிலை விட்டு வெளியேறினார். வாழ்நாள் முழுதும் அங்கேயே இருந்திருக்கலாகாதா என்று வினவுவோர் அவரை இன்னும் முனிவராகவே எண்ணுகின்றனர். முனிவர் காட்டைத் தம் இல்லமாகக் கொள்வர். மாணாக்கரோ பாடம் முடிந்ததும் அடுத்த பாடத்துக்கு எழுந்து செல்வர்.